அரக்கு வைத்த பிரேக்

பிரேக் கருகும் வாசனையை மனிதர்கள் எரியும் வாசனை என்று நம்பி ஒரு ஊரையே அழ வைத்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட, நானே கதவைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொள்வது கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

என்மேலும் முழுக் குற்றம் இல்லை. ஜவ்வாது மலையில் எங்கள் சனம் செத்தவர்களைப் புதைப்பார்கள், எரிப்பதில்லை. மனிதர் எரிந்தால் எப்படி நாறும் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. தெரியாத வாசனைக்கு என் மூக்கு தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். எண்பதுகளின் தொடக்கம்.

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். படி இறங்கும்போது கை தன்னால் சுவரைத் தேடுகிறதே, அவர்களுக்கு. இறங்குவது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியும். இளவட்டங்களுக்கு ஏறுவதுதான் சிரமம் என்று நினைப்பு.

சித்தப்பா அந்த மோட்டார் சைக்கிளை மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் யாரிடமோ வாங்கி வந்திருந்தார். அப்பாவின் தம்பி அவர். கல்யாணம் ஆகாதவர். அந்த வண்டி வந்த பிறகு அதற்கு அவசரமும் இல்லாதவர். அது மலை ஏறும்போது ஊரே வந்து நின்று பார்க்கும். இறங்கும்போது ஊர் ஒதுங்கி நிற்கும். ஏனென்றால் அதற்கு பிரேக் இல்லை. முன்பக்க பிரேக்கின் கேபிள் எந்தக் காலத்திலோ அறுந்துபோயிருந்தது; அந்தப் பிடியில் சித்தப்பா தன் துண்டைத் தொங்கவிட்டிருந்தார். பின்பக்க பிரேக்கை மிதித்தால் இரும்பும் இரும்பும் உரசி, தாயைத் தொலைத்த ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வரும். வண்டி நிற்காது. சித்தப்பா இரண்டு காலையும் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார். டயரைவிடச் செருப்புதான் சீக்கிரம் தேய்ந்தது.

அந்த ஆடி மாதம் வரைக்கும் இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அக்காவை வேலூரில் டீச்சர் டிரெயினிங்குக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்ட பிறகுதான் வீட்டில் பிரேக் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. மழையில் மதகு ஒன்று உடைந்து, மலைக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸும் நின்று போயிருந்தது; இரண்டு சக்கர வண்டிதான் தாண்டும்.

அக்கா ஹாஸ்டலில் தங்கி பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். அம்மாவுக்கு அதுவே அதிகம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பக்கத்து ஊரில் சாமையும் கேழ்வரகும் போட்டுக்கொண்டு, அக்காவுக்காக ஒரு சேலை வாங்கிப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார். நல்ல மனிதர். அவரிடம் குறை சொல்ல எதுவும் இல்லாததுதான் அக்காவுக்குச் சங்கடம். நேர்காணலில் இடம் கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம். இதுதான் அப்பா அம்மாவிடம் பேசி முடித்திருந்த ஏற்பாடு.

“நான் நடந்தே எறங்கிடறேன் சித்தப்பா,” என்றாள் அக்கா. “கோழி கூவறப்போ கெளம்புனா அடிவாரத்துல மொத பஸ்ஸப் புடிச்சிடலாம். புளி தூக்கினு எத்தினி வாட்டி எறங்கியிருக்கேன்.”

“புளி தூக்கினு போனா யாரு உன்ன இன்னா கேக்கப் போறாங்க? இது இன்டர்வியூ. முழங்கால் வரைக்கும் சேத்தோட போயி நின்னா உள்ள வுடுவாங்களா? வண்டியில வந்து எறங்கணும். அதுல ஒரு மதிப்பு கீது.”

“வண்டியில பிரேக்கு கீதா?” என்றாள் அம்மா.

அன்று மாலையே சித்தப்பா வண்டியை மாட்டுக் கொட்டகையில் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

வண்டி ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரத்தின் நடுவில் ஒரு கனமான கிண்ணம் இருக்கும், டிரம் என்பார்கள். அதற்குள் இரண்டு பிறை நிலாக்கள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். அவைதான் பிரேக் ஷூ. காலால் மிதித்தால் பிறைகள் விரிந்து கிண்ணத்தின் உள்சுவரை அழுத்தும். சக்கரம் நிற்கும். பிறைகளின் முதுகில் லைனர் என்று ஒரு பட்டை இருக்க வேண்டும். எங்கள் பிறைகளில் அது இருந்த அடையாளம் மட்டும் இருந்தது.

பிறைகளை இழுத்துப் பிடித்திருந்த ஸ்பிரிங்கை அரிவாள் நுனியால் நெம்பினார் சித்தப்பா. அது எகிறி, கூரையில் மோதி, காணாமல் போனது. குடும்பமே தேடியது. கடைசியில் அம்மா சாமை அளக்கும்போது படியில் வந்து விழுந்தது. அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “சோத்துல வந்திருந்தா யாரு பல்லு போயிருக்கும்?” என்றாள். தொலைந்தவர்கள் திரும்பி வரும் வீடு அது என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

பிறைகளையும் டிரம்மையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிவிட்டு, அம்மா தூங்கும் நேரம் பார்த்து, அக்கா அவற்றைப் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். இன்றைக்கும் மண்ணெண்ணெயும் புளியும் சேர்ந்த வாசனை எங்காவது வந்தால் எனக்கு அவள் முழங்கை ஞாபகம் வரும். எதற்கு அப்படித் தேய்த்தாள்? பளபளப்புக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமே கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

லைனர் விஷயத்தில், புளி ஏற்ற வந்து, மதகு உடைந்ததால் மேலேயே மாட்டிக்கொண்ட லாரிக்காரர் உதவினார். லாரியின் பழைய லைனர் துண்டு ஒன்றைக் கொடுத்து, “இத்த அறுத்து, ராவி, வளைவு பாத்து ரிவிட் அடிச்சிக்கோங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா அறுத்தார். ராவினார். ரம்பத்தின் சத்தத்துக்கு மாடு கொட்டகையைவிட்டு வெளியே போய் மழையில் நின்றது.

ரிவிட் என்பது சின்னச் செம்பு ஆணி. சித்தப்பா ஒடுகத்தூரிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்து முறத்தில் கொட்டி வைத்திருந்தார். முறத்தில் எதைக் கொட்டினாலும் அது தனக்கு என்று எங்கள் கோழிக்கு ஒரு எண்ணம். சித்தப்பா பார்த்துவிட்டு ஓடி வருவதற்குள் பாதி ஆணி போயிருந்தது. அன்று முழுக்க நானும் அவரும் அந்தக் கோழிக்குப் பின்னால் நடந்தோம். அது நின்றால் நின்றோம். அது முக்கினால் குனிந்து பார்த்தோம். கோழிக்கே வெட்கமாகப் போய்விட்டது போலிருக்கிறது, புதருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மிஞ்சிய ஆணிகள் ஒரு பிறைக்குத்தான் போதின. மறுபடி ஒடுகத்தூருக்குப் போய்வர நாள் இல்லை. அப்போதுதான், அதுவரை வாயே திறக்காத அப்பா கொட்டகைக்குள் வந்தார்.

“அரக்கு வெய்யி,” என்றார்.

“பிரேக்குக்கா?”

“அருவா எதுல நிக்குது? கத்தி எதுல நிக்குது? என் தாத்தா வெச்ச அரக்கு, இன்னும் பிடி ஆடல. மரத்தையே வெட்டுது. இந்தத் துண்டு இன்னா, மரத்தவிடப் பெருசா?”

எங்கள் மலையில் இரும்பு எதிலாவது நிற்க வேண்டும் என்றால் அது அரக்கில்தான் நிற்கும். காட்டில் மரக்கிளையிலிருந்து சுரண்டி எடுத்து வந்து, காய்ச்சி, பிடியின் துளையில் ஊற்றி, பழுக்கக் காய்ச்சிய அரிவாளின் வாலைச் செருகுவார்கள். ஆறினால் கல். அப்பா அடுப்பில் அரக்கைக் காய்ச்சினார். கருஞ்சிவப்பாகக் கொதித்தது. பிறையின் முதுகில் ஊற்றி, லைனரை வைத்து அழுத்தி, மேலே அம்மியைத் தூக்கி வைத்தார். ஆறிய பிறகு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சுத்தியல்தான் எகிறியது.

களத்தில் ஓட்டிப் பார்த்தார் சித்தப்பா. மிதித்ததும் வண்டி நின்றது. ஆட்டுக்குட்டிச் சத்தம் இல்லை. ஊர் கைதட்டாத குறை. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

பிரேக் சூடாகும் அளவுக்கு எங்கள் களம் நீளமில்லை. இது எனக்கு இப்போது தெரிகிறது. அரிவாள் எங்கேயும் நெருப்பாகக் கொதிப்பதில்லை என்பதும் இப்போதுதான் தெரிகிறது. அப்போது எல்லாரும் தெளிவாக இருந்தோம்.

விடியும் நேரத்தில் கிளம்பினார்கள். அக்கா அம்மாவின் சேலையைக் கட்டியிருந்தாள். காலில் சித்தப்பா வாங்கி வந்த புதுச் செருப்பு. அளவு கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று குத்துமதிப்பாக வாங்கியது. அவள் கால் உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போகும் அளவுக்கு இடம் இருந்தது. அம்மா வாசலுக்கு வரவில்லை. உள்ளேயிருந்தே, “மெதுவா ஓட்டச் சொல்லுடா,” என்று என்னிடம் சொன்னாள். நான் சொல்வதற்குள் வண்டி போய்விட்டது.

நான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினேன். சாலை வளைந்து வளைந்து போகும். பாதை நேராக விழும். ஒவ்வொரு வளைவிலும் சாலையைக் குறுக்கே கடக்கும். வளைவில் நின்று அக்காவுக்குக் கை காட்டலாம் என்று ஆசை. முதல் வளைவில் தூரத்துச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்ததில் அதுவும் இல்லை. அதற்கும் கீழே, மூங்கில் புதர் இருக்கும் வளைவில்தான் அந்த வாசனை வந்தது.

கருகல். எண்ணெய்க் கருகல் மாதிரியும் இருந்தது, கொம்பு கருகுவது மாதிரியும் இருந்தது. குனிந்தால் சாலையில் சொட்டுச் சொட்டாகக் கருஞ்சிவப்பு. சொட்டுகள் பள்ளத்துப் பக்கமாகப் போயிருந்தன. ஓரத்தில், பள்ளத்தைப் பார்த்தபடி, புதுச் செருப்பு ஒன்று.

முந்தின நாள் முழுக்க அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அதே நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் நான். வீட்டில் பார்த்தால் அரக்கு. சாலையில் பார்த்தால் ரத்தம். பயத்துக்குக் கண் தெரியாது என்பதில்லை, தேவைக்கு மேலே தெரியும். எனக்குப் பள்ளத்தில் புகை தெரிந்தது. அது மலை மேகம். சித்தப்பா முனகுவது கேட்டது. அது என் ஆடுகளில் ஒன்று. எட்டிப் பார்த்தேனா என்றால், இல்லை. செருப்பை எடுத்தேனா என்றால், அதுவும் இல்லை. ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடினேன். எந்த ஏற்றத்தையும் அதற்கு முன்போ பின்போ நான் அந்த வேகத்தில் ஏறியதில்லை.

ஊருக்குள் நுழையும்போது நான் சொன்னது, “அக்கா எரிஞ்சிட்டா, சித்தப்பா பள்ளத்துல வுழுந்துட்டாரு, ரத்தம்,” என்பதுதான். எரிந்தார்களா, விழுந்தார்களா என்று யாரும் பிரித்துக் கேட்கவில்லை. அப்பாவும் இளைஞர்களும் கயிறோடு ஓடினார்கள். அவர்கள் போவதற்குள் தூறல் வலுத்துச் செம்மண் தண்ணீர் ஓடிச் சொட்டுகளை மூடியிருந்தது, வாசனையும் போயிருந்தது. செருப்பு மட்டும் இருந்தது. பள்ளம் முழுக்க மேகம். கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. கயிற்றைக் கட்டி இறங்கினவர்கள் மூங்கில் முள்ளில் கிழிந்துபோய் ஏறி வந்தார்கள். அடிவாரம் வரைக்கும் போய்க் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாமான் எதையோ தொலைத்துவிட்டு வருகிறவர் மாதிரி இருந்தது அவர் நடை.

“நான்தான் அரக்கு வெக்கச் சொன்னேன்,” என்றார்.

பிறகு பெண்கள் கூடினார்கள். அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து தோளில் தோள் சேர்த்து அழ ஆரம்பித்தார்கள். நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் என்னைத் தொட்டுத் தொட்டு அழுதார்கள். கண்ணால் பார்த்தவன் இல்லையா. ஒவ்வொருவரிடமும் மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல விவரம் கூடியது. நாலாவது பாட்டியிடம் சொல்லும்போது சித்தப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்.

அம்மா ராகத்தோடுதான் அழுதாள். ராகத்துக்கு நடுவில் பேச்சு வந்தது.

“படிக்கிறேன் படிக்கிறேன்னு நின்னியே, வாசலுக்கு வந்து ஒரு வார்த்த போய்ட்டு வான்னு சொன்னேனா? நீ உசுரோட இருந்தா, நீ எங்க போறன்னாலும் நான் வழிய மறிப்பேனா?”

இதைக் கேட்டவர்கள் நிறையப் பேர். அது பின்னால் முக்கியமாகிவிட்டது.

மாமா வந்தது மத்தியானத்துக்கு மேல். எங்கள் வழக்கப்படி பெண் செத்தால் தாய்மாமன் கோடித் துணி கொண்டு வர வேண்டும். மழையில் கடைக்குப் போக முடியாது. அவர் வீட்டில் புதுத் துணி என்று இருந்தது ஒன்றுதான். பெட்டியில் வைத்துக் காத்திருந்தாரே, அந்தச் சேலை. மடிப்புக் கலையாமல் அதைத் தலைமேல் வைத்து நனைந்துகொண்டே கொண்டுவந்தார். வாசலில் இறக்கி வைத்துவிட்டு, அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார்.

“எக்கா, அவளுக்கு என்னக் கட்டிக்க இஷ்டம் இல்லன்னு எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சிகினே வாய மூடினு இருந்தேன்,” என்றார்.

அம்மா அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். உடல் இல்லாமல் எதைப் புதைப்பது என்று பெரியவர்கள் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். செருப்பையாவது வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார்.

அந்த நேரத்தில் குறுக்குப் பாதையில் சித்தப்பா ஏறி வந்தார். முகமெல்லாம் கரி. தோளில் துண்டு. பின்னால் என் ஆடுகள். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கும் முகம் மாறியது. தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தூணோரம் நின்ற என்னிடம் வந்து, மெதுவாகக் கேட்டார்:

“யாருடா?”

நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அழுகை ஒவ்வொரு வாயாக நின்றது.

“அவ எங்க?” என்றாள் அம்மா.

“வேலூருக்குப் போயிருக்கா அண்ணி. பஸ்ல. இன்னாத்துக்கு எல்லாரும் உக்காந்துகினு கீறீங்க?”

அடுத்து நடந்ததை நான் சுருக்கிக்கொள்கிறேன். அப்பா அவரைக் கட்டிக்கொண்டார். அம்மா ஒரு கையால் அவரை அடித்து, இன்னொரு கையால் தண்ணீர் கொடுத்தாள். என்னை யாரும் அடிக்கவில்லை. அடிக்கும் அளவுக்கு யாருக்கும் தெம்பு இல்லை. இன்றைக்கும் எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும், அடிக்காததால், ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், “இன்னாப்பா, இன்னிக்கு யாரு எரிஞ்சாங்க?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அதுவும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

எல்லாம் அடங்கிய பிறகு சேலை வாசலில் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. கோடியாக வந்த துணி அது. சாவுக்கு என்று தலைமேல் ஏறி வந்ததை இனி மணவறைக்கு எடுத்துப்போக முடியாது. மாமா அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“வேற சேல வாங்கிக்கலாம்டா,” என்றாள் அம்மா. குரலில் பலம் இல்லை.

“சேலைக்கு இன்னாக்கா. சொன்ன வார்த்த கீதே,” என்றார் மாமா. தன்னுடையதைச் சொன்னாரா, அம்மாவுடையதைச் சொன்னாரா என்று தெரியவில்லை. கூட்டம் இரண்டையும் கேட்டிருந்தது. தை மாதத்தில் கல்யாணம் நடக்கவில்லை. மறு வருடம் மாமா வேறு ஊரில் பெண் எடுத்தார்.

சாலையில் நடந்தது இவ்வளவுதான்.

மூங்கில் வளைவில் செருப்பு தானாகக் கழன்று விழுந்தது. அக்கா சித்தப்பாவின் முதுகில் தட்டினாள். என்ஜின் சத்தத்தில் அவர் அதைத் தைரியம் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, “பயப்படாத,” என்றார். பிரேக் சூடாகி அரக்கு உருகிச் சொட்டிக்கொண்டே வந்தது. ஆணி அடித்த பிறை மட்டும் பிடித்து, வண்டி பத்திரமாக அடிவாரம் வந்துவிட்டது. சித்தப்பா பெருமையோடு டீக்கடையில் நிறுத்தி டீ சொன்னார். டீ குடிப்பதற்குள் அரக்கு ஆறியது. பிறையையும் டிரம்மையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அரிவாள் பிடி மாதிரி. என் அப்பா சொன்னது சரிதான், அது ஆடவே இல்லை.

டீக்கடைக்காரர் வெந்நீர் ஊற்றினார். சக்கரம் கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி பிடித்துக்கொண்டது. விறகுக் கொள்ளியைக் காட்டினார்கள். சித்தப்பா முகத்தில் கரி ஏறியது. வேலூர் பஸ் வந்தது. “நான் இதுல போய்டறேன் சித்தப்பா,” என்றாள் அக்கா. “இரு, தோ வுட்டுடும்,” என்றார் அவர். அந்த பஸ் போனது. அடுத்ததும் வந்து போனது. வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று சொன்ன வாயை அவரால் மாற்ற முடியவில்லை. அதற்கடுத்த பஸ் வந்தபோது அக்கா எதுவும் கேட்கவில்லை. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கடியில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

வேலூரில் அவள் போய் நின்றபோது நேர்காணல் முடிந்து, அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் திரும்பி வந்தாள்.

அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். சித்தப்பா பட்டணத்தில் நிஜ லைனர் அடித்து வைத்திருந்தார். அக்கா கோழி கூவியதும் எழுந்து, வெறுங்காலோடு, குறுக்குப் பாதையில் நடந்து இறங்கினாள். அம்மா வாசலுக்கு வந்து விளக்கைப் பிடித்தாள். முதல் பஸ் கிடைத்தது. இடமும் கிடைத்தது.